கோச்சை மாற்றியது யாரைக் கேட்டு?

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். டீ போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஜவ்வாது மலையில் இருந்துகொண்டு கால்பந்து பற்றி எழுதுகிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் பக்கம் கபடியும் கைப்பந்தும்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிக்னல் கிடைக்கிற பாறையாகப் பார்த்து ஏறி உட்கார்ந்து, போனில் சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்க்கிற பையன்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சமீபத்தில் கேட்டான்: "சார், இவங்க இஷ்டத்துக்கு கோச்சை மாத்துறாங்க. இத்தனை வருஷமா பாக்குறோமே, நம்மள ஒரு வார்த்தை கேக்குறாங்களா?"

சின்னக் கேள்விதான். பதில் தேடிப் போனால் நூறு வருட வரலாறு கிடைக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சியாளர் இல்லாத காலம்

1911 ஜூலை 29. கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த அணியின் கேப்டன் சிவதாஸ் பாதுரியின் பெயர் வங்காளத்தில் இன்றும் நிற்கிறது. பயிற்சியாளர் யார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது. இன்று நாம் சொல்கிற பொருளில் அப்படி ஒரு பதவி அப்போது இங்கே இல்லை. கேப்டனும் கிளப் செயலாளரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

கால்பந்தின் தாய்நாடான இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக மாறுபட்டிருக்கவில்லை. யார் ஆடுவது என்பதைப் பல கிளப்புகளில் நிர்வாகக் குழு கூடித்தான் முடிவுசெய்தது. 1920களிலும் 30களிலும் ஹடர்ஸ்ஃபீல்டு, ஆர்சனல் கிளப்புகளில் ஹெர்பர்ட் சாப்மன் வந்த பிறகுதான், ஒரு மனிதர் திட்டம் போட்டு ஒரு அணியை உருவாக்க முடியும் என்பதை ஊர் கண்டுகொண்டது. இங்கிலாந்து தேசிய அணிக்கு இது இன்னும் தாமதமாக வந்தது. 1963-ல் பொறுப்பேற்ற ஆல்ஃப் ராம்சேதான், குழுவின் தலையீடு இல்லாமல் தாமே அணியைத் தேர்வுசெய்த முதல் மேலாளர். மூன்றே ஆண்டில், 1966-ல், உலகக் கோப்பை வந்தது.

பயிற்சியாளர் இல்லாத காலத்தில் ரசிகனுக்குக் கோபம் வராமல் இருந்ததா? வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு கிளப்பே பிறந்தது. 1920 ஜூலை கடைசியில் கல்கத்தாவில் ஜோராபாகான் என்ற அணி மோகன் பகானோடு ஆட இருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணம் சொல்லாமல் வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி காரணம் கேட்டார், பதில் கிடைக்கவில்லை. விலகிப் போய், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆகஸ்ட் 1-ம் தேதி அவர் தொடங்கியதுதான் ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் கல்கத்தாவில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற பெரிய மனக்குறையும் அதன் பின்னால் இருந்தது. ஆனால் தீ பற்றியது 'ஏன்' என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடைசிவரை இது வந்துகொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பயிற்சியாளர்

இந்தியாவில் 'கோச்' என்ற சொல்லுக்கு மரியாதை தேடித் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். நான் ஆசிரியன் என்பதால் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். பெயர் சையத் அப்துல் ரஹீம். 1909-ல் பிறந்தவர். ஹைதராபாத் பள்ளிகளில் பாடம் நடத்தியவர், பிறகு உடற்கல்வியில் பட்டயம் பெற்றவர். 1950-லிருந்து ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். 1960 ரோமில் பிரான்ஸோடு 1-1 டிரா. அதே ரோமில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், அரங்கமே எதிராகக் கத்திக்கொண்டிருக்க, தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம். ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூன் 11-ல் காலமானார். 2024-ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் இவரைப் பற்றியதுதான்.

இவருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதுதான் நமக்குப் பாடம். 1964 ஆசியக் கோப்பையில் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர் பயிற்சியில் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த அணியின் கேப்டன் சையத் நயீமுதீன், ரஹீம் உழுது பண்படுத்திய ஹைதராபாத் நிலத்தில் முளைத்தவர். அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா ஒரு பதக்கமும் பெறவில்லை. ஒரு நல்ல வாத்தியார் போனாலும் அவர் சொல்லிக்கொடுத்தது சில வருடம் ஓடும். அதற்குள் அடுத்த வாத்தியாரை உருவாக்கவில்லை என்றால் வண்டி தானாகவே நின்றுவிடும். ஆள் போவதைத் தடுக்க முடியாது. அவருக்குப் பின் வருகிறவரை ஆயத்தப்படுத்துவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

எதிர் முகாமுக்குப் போன குரு

ரஹீம் மாணவர்களில் பெரிய பெயர் பி.கே. பானர்ஜி. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் இவருடையது. இன்னொன்று தலையில் காயக் கட்டோடு ஆடிய ஜர்னைல் சிங்குடையது. பி.கே. தம் ஆட்டக்காலத்தில் பெரும்பாலும் ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்குத்தான் ஆடினார். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆடியதே இல்லை. ஆனால் பயிற்சியாளராக அவற்றின் வரலாற்றையே மாற்றி எழுதினார்.

வங்காளத்துப் பகையைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த சேதி புரியும். மோகன் பகான் மேற்கு வங்கத்துப் பூர்வீகக்காரர்களின் கிளப், ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் கிளப். மோகன் பகான் ஜெயித்தால் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் என்று சமையல்கட்டு வரைக்கும் போன பகை அது.

1972-ல் பி.கே. ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை அந்த அணி கல்கத்தா லீக்கை வென்றது. கடைசி நான்கும் இவர் காலத்தில். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கினார்கள். அந்தத் தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போகும் இடம் அது. என் மாணவர்கள் யாரும் அந்த எல்லைப் பக்கமே போகக்கூடாது என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்த ஆண்டே, 1976-ல், அந்த 5-0 வெற்றியைத் தந்த பி.கே. மோகன் பகானுக்கே பயிற்சியாளராகப் போனார். பாண்டவர் பாசறைக்குத் துரோணர் வந்து நின்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டு லீக் பட்டம் மோகன் பகானுக்குத் திரும்பியது. 1977-ல் பீலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை ஈடன் கார்டனில் 2-2 என்று மடக்கினார்கள். அதே பருவத்தில் ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் என்று மூன்று கோப்பைகளும் வந்தன. பிறகு பி.கே. ஈஸ்ட் பெங்காலுக்கும் திரும்பி வந்தார். வரவேற்றார்கள். நேற்று எதிர் முகாமில் இருந்தவரை இன்று தோளில் தூக்கிக்கொள்ள ரசிகனால் முடிகிறது. பந்து நன்றாக உருண்டால் எவ்வளவு கோபமும் ஆறிவிடும். நாம் நினைப்பதைவிட ரசிகன் நியாயஸ்தன்.

வங்காளத்தில் பயிற்சியாளர்கள் எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார்கள் என்பதற்கு ஒரே ஒரு நாள் போதும். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானுக்கு அமல் தத்தா, ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. அமல் தத்தா 'டைமண்ட்' என்ற புது வியூகத்தால் அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று வென்றிருந்தார். எதிரணி ஆட்டக்காரர்களைப் பட்டப்பெயர் வைத்துக் கேலியும் செய்தார். பி.கே. அதிகம் பேசாமல் தம் பையன்களைச் சூடேற்றினார். சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேருக்கு மேல் கூடினார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1. ஆட்டக்காரர்களின் மோதல் என்பதைவிட இரண்டு வாத்தியார்களின் மோதலைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம் வந்தது என்று சொன்னால் மிகையில்லை. இத்தனைக்கும் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் சல்கோகரிடம் 2-1 என்று தோற்றுப் போனது. அதை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சென்னையின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். பழைய சென்னைக் கால்பந்து என்றால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகள்தான். கோச் பெரும்பாலும் அந்த அலுவலகத்தின் ஆளாகவே இருப்பார். பதவி உயர்வு, ஓய்வு என்று அவர் மாறும்போது ஊர் திரண்டு கோபப்பட இடமில்லை.

2014-ல் ஐ.எஸ்.எல். வந்தபோது முதலாளிகள் உள்ள, ரசிகர் மன்றங்கள் உள்ள கிளப் நமக்குக் கிடைத்தது. சென்னையின் எஃப்.சி.யின் முதல் பயிற்சியாளர் மார்கோ மாடராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் தலையால் முட்டு வாங்கினாரே, அவரேதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, சொந்த ஊரில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 90-வது நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்து, கடைசி நொடிகளில் இரண்டு கோல் வந்து 3-2 என்று கோப்பை. வெள்ளத்தில் வீட்டுச் சாமானை இழந்த ஊருக்கு அது என்ன ஆறுதல் என்று கேட்கலாம். அன்று சிரித்த முகங்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு அணி ஏழாவது இடம். மாடராஸி போனார். 2017-ல் ஜான் கிரிகரி வந்தார். முதல் பருவத்திலேயே, 2018 மார்ச் 17-ல், பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அதற்கடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம்! சாதாரணமாக இந்த நிலையில் கோச்சின் பெட்டியை வாசலில் வைத்துவிடுவார்கள். கிளப் அவரை வைத்துக்கொண்டது. ஆனால் 2019-20 பருவத்தில் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி என்றானதும் நவம்பர் இறுதியில் அவர் விலகினார்.

டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள்தான். அடித்தட்டில் கிடந்த அணி மூன்று மாதத்தில் இறுதி ஆட்டத்தில் நின்றது. 2020 மார்ச் 14, கொரோனா காரணமாக ரசிகர் ஒருவரும் இல்லாத மைதானம், ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. பருவம் முடிந்ததும் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அங்கே 2021-22-ல் லீக் ஷீல்டையும் வென்று கொடுத்தார். நம்மிடமோ சாபா லாஸ்லோ, போஷிதார் பான்டோவிச் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் பான்டோவிச் போனார். மிச்ச ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டவர் நம் சென்னை சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்காகவும் இந்தியாவுக்காகவும் ஆடியவர். இடைக்காலப் பொறுப்பு மட்டும்தான் அவருக்கு. பிறகு தாமஸ் பிரடாரிச், 2023-ல் மறுபடி கோய்ல், 2025-ல் கோவாக்காரர் கிளிஃபர்ட் மிரண்டா.

எண்ணிப் பாருங்கள். 2014-லிருந்து 2025 வரை பன்னிரண்டு ஆண்டுகூட இல்லை. இடைக்காலப் பொறுப்பையும் கோய்லின் இரண்டாம் வருகையையும் சேர்த்தால் ஒன்பது முறை அந்த நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். இத்தனையிலும் இடம் மாறாமல் இருந்தவர்கள் 'பி ஸ்டாண்ட் புளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு நேரு ஸ்டேடியத்தில் மேளம் அடிக்கிற பிள்ளைகள் மட்டும்தான்.

கேரளத்து 'ஆசான்'

பக்கத்து மாநிலத்துக்குப் போனால் கேள்வி இன்னும் தெளிவாகிறது. 2021-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு செர்பியாவிலிருந்து இவான் வுகோமனோவிச் வந்தார். அவரை மலையாளிகள் கூப்பிட்ட பெயர் 'ஆசான்'. நமக்கும் சொந்தமான சொல். களரியில் வாள் சொல்லித் தருகிறவரும் ஆசான், எழுத்துச் சொல்லித் தருகிறவரும் ஆசான். ஐரோப்பாவிலிருந்து சம்பளத்துக்கு வந்த ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

முதல் பருவத்திலேயே அணி இறுதி ஆட்டம் வரை போய் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றது. 2023 மார்ச் 3-ல் பெங்களூருவில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில், சுனில் சேத்ரி அவசரமாக அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோல் என்று அறிவித்ததும், அணியை மைதானத்தை விட்டே வெளியே கூட்டிக்கொண்டு போனார் ஆசான். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், இவருக்குப் பத்து ஆட்டம் தடை. சட்டப்படி தண்டனை சரிதான். ஆனால் பெருவாரியான ரசிகர்களுக்கு அவர் தங்களுக்காக நின்றவர் ஆகிவிட்டார்.

கோப்பை எதுவும் தராமல் 2024 ஏப்ரலில் அவர் விடைபெற்றார். கேரளமே வருந்தியது. அடுத்து ஸ்வீடனிலிருந்து மிக்கேல் ஸ்டாரே. தோல்வி மேல் தோல்வி. அந்த டிசம்பரில் 'மஞ்சப்படை' ரசிகர் அமைப்பு ஒரு முடிவெடுத்தது: இனி டிக்கெட் வாங்கமாட்டோம், போராடுவோம் என்று. அவர்கள் விரல் நீட்டியது நிர்வாகத்தை நோக்கி. சில நாட்களில் நிர்வாகம் கோச்சை அனுப்பிவிட்டது. கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று. வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னால், டீச்சரை மாற்றியாயிற்று என்று சொல்வது போல.

கோவையில் நடந்தது

பெரிய லீக்குக்கு வெளியே இருந்த ஒரு தமிழ்நாட்டு அணியின் கதையும் உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி. பெயர்தான் சென்னை, கடைசியில் ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். 2019 மார்ச் 9-ல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைப் பின்னுக்குத் தள்ளி, ஐ-லீக் பட்டம் பெற்றது. பெட்ரோ மன்ஸி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார். கோவைப் பிள்ளைகள் கொண்டாடினார்கள்.

அடுத்த வருடமே மன்ஸி போனார், பிறகு அக்பர் நவாஸும் போனார். 2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே ஆடவில்லை. கோச்சை மாற்றிவிட்டார்களே என்று கோபப்படுகிற ரசிகன் உண்மையில் கொடுத்துவைத்தவன். கோபப்பட அவனுக்கு ஒரு கிளப் இருக்கிறது. கோவை ரசிகனுக்கு அதுவும் இல்லாமல் போனது.

ரசிகனிடமே அதிகாரத்தைக் கொடுத்தால்?

இங்கிலாந்தில் மேல் நான்கு பிரிவுகளில் 92 கிளப்புகள் ஆடுகின்றன. அவற்றுக்குக் கீழே இருக்கிற எண்ணற்ற சிறிய கிளப்புகளை 'நான்-லீக்' என்பார்கள். நம் ஊர்க் கபடிக் குழுவைப் போல, டிக்கெட் கிழிப்பவரும் புல் வெட்டுபவரும் அந்த ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கிளப் கென்ட் பகுதியில் உள்ள எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட். 2008-ல் இணையம் வழியாகச் சேர்ந்த சுமார் 30,000 பேர் ஆளுக்கு 35 பவுண்டு போட்டு அந்தக் கிளப்பின் பெரும்பங்கை வாங்கினார்கள். யார் ஆடவேண்டும் என்பதைக்கூட நாங்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்வோம் என்பதுதான் விளம்பரம். மேலாளர் லியாம் டெய்ஷ் நிலைமையை நினைத்துப் பாருங்கள். முப்பதாயிரம் மேலதிகாரிகள்! அந்த மே மாதமே அணி வெம்ப்ளி அரங்கில் எஃப்.ஏ. டிராஃபியை வென்றது. பிறகு ஆட்டக்காரர் தேர்வு பற்றி வாக்கெடுப்பு வந்தபோது, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் என்ன சொன்னார்கள் தெரியுமா? அதை டெய்ஷே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகப் பிடித்த இடம் இதுதான். அதிகாரத்தைக் கையில் வாங்கிய ரசிகன், அதை அந்த வேலை தெரிந்தவரிடமே திருப்பிக் கொடுத்தான். ஆனால் வெறும் ஆர்வத்துக்குச் சேர்ந்தவர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். பணம் வற்றியது. 2013-ல் பங்குகளை விட்டுக்கொடுத்துவிட்டு இணையக் கூட்டம் வெளியேறியது. கிளப் மட்டும் இன்றும் ஆடுகிறது. மழையிலும் மைதானத்துக்கு வந்த உள்ளூர்க்காரர்கள்தான் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2002-ல் விம்பிள்டன் கிளப்பை முதலாளிகள் வேறு நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி வாங்கியபோது, ரசிகர்கள் ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு நடத்திப் புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். அடிமட்டத்திலிருந்து ஏறி ஒன்பதே பருவத்தில், 2011-ல், அந்த 92-க்குள் வந்தார்கள். ஒரு ஊர்க்காரர்கள் தங்கள் பணத்தையும் காலத்தையும் தொடர்ந்து போட்டதால் அது நின்றது.

மலைப்பள்ளியில் பார்த்தது

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு அனுபவம். நான் வேலை பார்த்த மலைப்பள்ளி ஒன்றில் விளையாட்டில் ஈடுபாடுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தார். விடுதிப் பையன்களைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, பனியில் ஓடவிட்டு, ஒரு கைப்பந்து அணியை உருவாக்கினார். மலையிலிருந்து கீழே இறங்கி மாவட்டப் போட்டியில் ஆடிவிட்டு வந்தார்கள். பாதி வருடத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பையன்களிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதினோரு பேர் வந்து நின்றார்கள். அதற்கடுத்த நாள் ஏழு பேர். ஒரு மாதத்தில் பந்து காற்றிறங்கி பீரோவுக்குள் போயிற்று. அந்தப் பையன்களில் இரண்டு பேர் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். சாமை அறுப்புக்கும் வெளியூர் வேலைக்கும் போனார்கள். அவர்களைப் பள்ளிக்கு வரவைத்தது அந்தப் பந்து ஒன்றுதான்.

மாற்றல் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் குடும்பம் இருந்தது, வயதான பெற்றோர் இருந்தார்கள். 2018-ல் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் மாற்றலான ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுது மறித்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்போது உத்தரவைத் தள்ளி வைத்தார்கள். எல்லா ஊரிலும் கேமரா வராது. எங்கள் பையன்கள் அழவும் இல்லை, மறிக்கவும் இல்லை. ஆறு மணிக்கு வந்து நின்றார்கள், அவ்வளவுதான். பதினோரு பேரையும் உட்காரவைத்து, "சார் போகிறார், இன்ன தேதிக்குப் போகிறார், அதன் பிறகு உங்களை இவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் ஒதுக்கவில்லை.

ஆக, அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. தம்பி, கோச்சைத் தேர்ந்தெடுக்கும் வேலையை உன்னிடம் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தாலும், எப்ஸ்ஃப்ளீட் ரசிகனைப் போல, தெரிந்தவரே செய்யட்டும் என்றுதான் நீயும் சொல்வாய். ஆனால் ஏன் மாற்றினீர்கள், அடுத்தவருக்கு எவ்வளவு காலம் கொடுப்பீர்கள், அவர் போனால் யார் என்று கேட்க உனக்கு முழு உரிமை உண்டு. டிக்கெட் வாங்கியதால் மட்டும் வந்த உரிமை இல்லை அது. ஒன்பது முறை ஆள் மாறியும் நீ மாறாமல் இருந்தாயே, அதனால் வந்தது. கேள். சத்தமாகக் கேள். ஆனால் தனி மனிதனைத் திட்டாமல் கேள். போகிற கோச்சும் ஒரு வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோருக்கும், ஊரில் கபடி, கைப்பந்து, கால்பந்து அணி நடத்துகிற இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அணிக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் மாறும் நேரம் கட்டாயம் வரும். அதற்கு முன்பே மூத்த ஆட்டக்காரர்களில் ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்திப் பழக்குங்கள். மாறுகிற அன்று பிள்ளைகளிடம் நேரில் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு ஆசான் போனபின் அணி என்ன ஆயிற்று? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
ஜவ்வாது மலை.